போட்டோக்கொப்பி வேண்டாம்

பனிச்சங்கேணிப் பாலம் தாண்டியதும்
மைக்கை என்னிடம் தந்தான் தவநேசன்.
ஆட்டோக் கூரையில் ஒலிபெருக்கி
ஒரு பக்கம் சாய்ந்தே கிடந்தது.
"இன்றிரவு எட்டு மணிக்கு, பள்ளிக்கூட மைதானத்தில்,
வடமோடிக் கூத்து. அனுமதி இலவசம்.
அனைவரும் வருக. அனுமதி இலவசம்."
வாகரை வரைக்கும் நாற்பது தடவை சொல்லியிருப்பேன்.
நாய்கள்தான் பதில் சொல்லின.

ஏழரைக்கே வந்துவிட்டார்கள்.
வந்தவர்கள் இருக்கவில்லை,
வரிசையில் நின்றார்கள்.
கையில் அடையாள அட்டையின் கொப்பி,
குடும்ப அட்டை, மடித்த உரப்பை,
ஒருவரிடம் மூடியோடு ஒரு வாளி.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.
இந்தக் கரைக்கு இலவசம் என்ற சொல்
எப்போதும் லொறியில்தான் வந்திருக்கிறது.
கடல் வந்துபோன பிறகு,
ஷெல் வந்துபோன பிறகு,
தறப்பாள், நுளம்பு வலை, பருப்பு.
வாங்குமுன் ஒப்பம்,
வாங்கும்போது படம்.

"எங்க கா ஒப்பம் வைக்கிற?" என்றாள்
வரிசையில் முதலாவதாய் நின்ற இராசமலர்.
ஒப்பமில்லை என்றேன்.
"என்ன தருவீங்க?"
"கூத்து."
"மறுகா?"
"மறுகா விடியும்."
பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.
உரப்பையை நாலாய் மடித்து நிலத்தில் போட்டுக்
குந்தினாள்,
வந்த களைக்கு இருந்துவிட்டுப் போவோம் என்பதுபோல.

முதல் அரைமணி பாடம். அது எங்கள் வழக்கம்.
மத்தளக்காரர் இன்னாசியர்
ஒவ்வொரு அடியையும் தனியே அவிழ்த்துக் காட்டினார்:
இது அரசன் வருகிற தாளம். இது தூதன்.
இது குதிரை. இது பொய்யன் நடை.
பிள்ளைகள் கேட்டவுடன் பிடித்துக்கொண்டார்கள்.
பொய்யன் நடையைத்தான்
இன்னொருக்கா, இன்னொருக்கா என்றார்கள்.

பிறகு வெள்ளைச் சீலை விலகக் கொலு வரவு.
பகலில் மின்மானி வாசிக்கும் குலேந்திரன்
கரப்புடுப்பும் கிரீடமுமாய்
சதங்கை அதிரக் களரியைச் சுற்றினான்.
நாட்டில் பஞ்சம். அரசன் களஞ்சியம் திறக்கிறான்.
"குடிகள் ஒருவரும் விடுபடாமல் எழுதுக" என்று
கட்டியகாரன் கையில் ஓலை கொடுக்கிறான்.

அந்த இடத்தில் இராசமலர் எழும்பினாள்.
"ராசா, எங்கட பேர் விடுபட்டிருக்கு."

மத்தளம் நின்றது.
பழகிய அடிகளில் இதற்கு ஓரடியும் இல்லை.
குலேந்திரன் என்னைப் பார்த்தான்.
நான் அண்ணாவியாரைப் பார்த்தேன்.
அண்ணாவியார் கையிலிருந்த சல்லரியைப் பார்த்தார்.
கடைசியில் அரசன்தான் பேசினான், அரசனாகவே.
"கட்டியகாரா, எழுது. பேர் என்ன தாயே?"
"இராசமலர். கண்டலடி. மூன்று பேர்."
வெற்றோலையில் வெறும் விரலால் கீறினான் கட்டியகாரன்.
"இல்ல," என்றாள். "நாலு."

மைதானத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.
எவரும் அவளைத் திருத்தவில்லை.
கிராம சேவகர்கூடத்
தன் செருப்பைப் பார்த்தபடி இருந்தார்.
"நாலு" என்றான் அரசன்.
"நாலு" என்று பிற்பாட்டுக்காரர் எடுத்தார்கள்.
இன்னாசியர் அதற்கு அடித்தது
அரசன் வருகிற தாளம்.

அது என்ன தாளமென்று பிள்ளைகளுக்குத் தெரியும்.
கைதட்டினார்கள்.
மறுகா மற்றவர்கள் எழும்பினார்கள்.
ஐந்து, என்றார் வாளிக்காரர்.
ரெண்டு, என்றது இருட்டில் ஒரு குரல்,
பொறுத்து, ஏழு என்றது.
யுத்தக் காட்சி ஆடவேயில்லை.
விடியும்போதும் அரசன்
பேர் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்,
கிரீடம் நெற்றியில் வழுக்கி இறங்க.

அடுத்தது கதிரவெளி.
மைக்கைக் கொஞ்ச நேரம்
சும்மா பிடித்திருந்தேன்.
"இன்றிரவு கூத்து. போட்டோக்கொப்பி வேண்டாம்.
ஒப்பம் இல்லை. குந்துவதற்கு ஒரு பை கொண்டு வாங்க.
பேர் விடுபட்டவர்கள் முன்னுக்கு இருங்க."

தவநேசன் ஆட்டோவை நிறுத்தி இறங்கி
ஒலிபெருக்கியை நிமிர்த்திக் கட்டினான்.
"இன்னொருக்காச் சொல்லு," என்றான்.